திணை மயக்கம்

நியூஃபவுண்ட்லாந்தை ஒரே தீவென்று
தபால்காரர்கள் நம்புகிறார்கள்.
லவினியா கீப்பிங் நம்புவதில்லை.
அவள் மேசையில் அது இரண்டு இழுப்பறை.

மேற்கு இழுப்பறையில் ஒரு வகை ட்ரைலோபைட்.
கிழக்கில் வேறு வகை.
ஐம்பது கோடி ஆண்டுக்கு முன்
ஆழமற்ற சேற்றில் ஊர்ந்தவை,
மூன்று மடல் முதுகும்
கல்லாலேயே ஆன கண்களுமாக.
இக்கரையில் இருந்தது அக்கரையில் இல்லை.
இடையே கடல்.
கரையோரப் பூச்சியால் தாண்ட முடியாத
ஆழம், குளிர், இருட்டு.

பிறகு கரைகள் நெருங்கின,
விரல்நகம் வளரும் வேகத்தில்.
கடல் மடிந்தது,
அந்தச் சொல்லின் இரண்டு பொருளிலும்.
இப்போது அதன்மேல் நெடுஞ்சாலை,
மூஸ் மான் குறுக்கிடும் எச்சரிக்கைப் பலகை,
டயர் வெடித்து நிற்கும் ஒரு லாரி.

கொன்றை என்றால் முல்லை,
சுறா என்றால் நெய்தல்,
நிலத்துக்கொரு கருப்பொருள் வகுத்தோம் நாம்.
இங்கே நிலம் எழுந்து போய்விட்டது.
கருப்பொருள் மட்டும் கல்லாகிக் கிடக்கிறது.
அதைக் கேட்டுத்தான்
நிலம் எங்கிருந்தது என்று அறியவேண்டும்.

நவம்பரில் ஒரு பெட்டி வந்தது.
அனுப்பியவர் அன்செல்ம் கோர்னெக்ட்,
போர்ட் ஓ போர்ட், மேற்குக் கரை.
இடிந்த மீன்கொட்டகைக்கு அடியில் கிடைத்ததாம்.
செய்தித்தாளைப் பிரித்தால்
கரிய களிக்கல், உள்ளங்கை நீளம்.
அதில், கன்னத்து முட்களைப்
பின்னுக்கு நீட்டியபடி
அப்பட்டமான ஒரு கிழக்கத்தியான்.

திணை மயக்கம் பாட்டில் அழகு.
இழுப்பறையில் ஆபத்து.
முப்பத்தொரு வருடமாக
அந்தக் கடலை அகலப்படுத்தியவள் லவினியா.
ஒரே ஒரு பூச்சி தாண்டியிருந்தால் போதும்,
கடல் ஓடையாகிவிடும்,
கட்டுரைகள் அடுப்புக்குப் போகும்.

பக்கத்து இருக்கையில் கல்லை வைத்து
பெல்ட் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.
செத்த கடலின் குறுக்கே ஒன்பது மணிநேரம்.
காண்டர் தாண்டி, பேட்ஜர் தாண்டி,
பெட்ரோல் பங்கில் வறுத்த மீன், ஆறிய காபி.
வழியெல்லாம் கல்லிடம் பேசினாள்.
கெஞ்சினாள் என்றும் சொல்லலாம்.

அன்செல்ம் கதவைத் திறந்தார்,
கல்லைப் பார்த்தார்.
"பூச்சிக்கல்லா? ஃபிலமீனாவுடையதாச்சே.
அண்ணன் பெண்டாட்டி. மனுவல்ஸ்காரி.
கல்யாணமாகி வந்தபோது
தட்டுமுட்டோடு ரயிலில் கொண்டுவந்தாள்.
உப்புக்கண்டப் பீப்பாயில்
இறைச்சியை அழுத்தி வைக்க.
எங்கள் ஊர்க் கல் சுண்ணாம்பாம்,
பல்லில் நறநறக்குமாம்.
எங்கள் ஊரில் எதுதான் அவளுக்குப் பிடித்தது!"

"அதில் பூச்சி இருப்பது தெரியுமா அவளுக்கு?"

"தெரியாமலா?
அந்தப் பக்கத்தைத்தான் கீழே வைப்பாள்.
இறைச்சியில் அச்சு விழும்,
விலா எலும்பெல்லாம் எண்ணலாம்.
அண்ணன் அந்தத் துண்டைத் தொடமாட்டான்.
அது அவளுக்கு."

லவினியா சிரித்தாள்.
இருமல் வந்து, தண்ணீர் குடித்து,
மறுபடி சிரித்தாள்.
அவளுடைய கடல்
அகலம் குறையாமல் அப்படியே இருந்தது.
ஐம்பது கோடி ஆண்டு தாண்டமுடியாததை
பூச்சி ஒரு பகலும் ஓர் இரவுமாக,
குறுகிய தண்டவாளத்தில்,
போர்வைகளுக்கு நடுவே படுத்தபடி தாண்டியிருக்கிறது.

பூச்சி என்பதுகூடத் தப்பு.
உரித்துப் போட்ட சட்டையாக இருக்கலாம்.
உடையவன் புது ஓட்டோடு
எந்தச் சேற்றுக்குள் போனானோ.

அட்டை எழுத உட்கார்ந்தாள்.
கிடைத்த இடம்: போர்ட் ஓ போர்ட்.
வாழ்ந்த இடம்: மனுவல்ஸ்.
அதை அடித்தாள்.
தெற்கே வெகு தொலைவில்,
இன்று எந்தப் படத்திலும் இல்லாத ஒரு கரை.
சேகரித்தவர் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து
ஃபிலமீனா கோர்னெக்ட் என்று எழுதினாள்.

எந்த இழுப்பறை என்றுதான் தெரியவில்லை.
இப்போதைக்கு அது
லவினியாவின் மேசைமேல் இருக்கிறது,
காகிதங்கள் பறக்காமல்,
பூச்சிப்பக்கம் கீழே.